ஷைனிக்கு ஒரு புது நன்மை

ஷைனியின் அப்பா கிளெமென்ட்டுக்கு மூன்று வேலைகள். திண்டுக்கல் மின்சார அலுவலகத்தில் லைன்மேன் வேலை ஒன்று. மாலையிலும் விடுமுறையிலும் பள்ளி மைதானத்தில் சாரணர் ஆசிரியர் வேலை. அதற்குச் சம்பளம் கிடையாது. ஆனால் அதைத்தான் அவர் ஓடி ஓடிச் செய்வார். மீதி நேரத்தில் ஷைனிக்கு அப்பாவாக இருக்கும் வேலை. அந்த மீதி நேரம் எப்போது வரும் என்பது மட்டும் வீட்டில் யாருக்கும் தெரியாது.

வீட்டுக்கு வந்தாலும் அவர் கழுத்தில் விசில் தொங்கும். சாப்பிட உட்கார்ந்ததும் பழக்கதோஷத்தில் ஒரு தடவை ஊதிவிடுவார்.

“ஏங்க, நான் என்ன டவுன் பஸ்ஸா? விசில் அடிச்சாத்தான் சோறு வருமா?” என்று அம்மா அல்போன்சா கேட்பார்.

அன்றைக்கும் அப்படி விசில் ஊதிய கையோடுதான் சண்டை தொடங்கியது.

“ஞாயித்துக்கிழமை காலையில ஏழரைக்குக் கோயில்ல பூசை. ஷைனிக்குப் புது நன்மை. ஞாபகம் இருக்குல்ல?” என்றார் அம்மா.

புது நன்மை என்றால், கத்தோலிக்கப் பிள்ளைகள் முதல்முதலாக நற்கருணை அப்பம் வாங்கும் நாள். வெள்ளை கவுன், தலையில் வெள்ளை முக்காடு, கையில் மெழுகுவர்த்தி என்று கோயிலுக்குள் வரிசையாக நடந்து போவார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம் அம்மா, மறுபக்கம் அப்பா கூடவே நடந்து வருவார்கள். ஷைனி பல மாதங்களாக ஞானோபதேச வகுப்புக்குப் போய், செபங்களை எல்லாம் மனப்பாடம் செய்து வைத்திருந்தாள்.

வாய்க்குப் போன அப்பாவின் கை பாதி வழியில் நின்றது.

“அய்யய்யோ! அன்னைக்குத்தானே தாடிக்கொம்புல தேரு? நம்ம பசங்கதான் கூட்டத்துக்குத் தண்ணி குடுக்கிறாங்க. ஆறு மணிக்கே நான் அங்க நிக்கணுமே!”

“ஒரு நாள் அவங்களே பாத்துக்க மாட்டாங்களா?”

“பெரியவங்க ஒருத்தர்கூட இல்லாம பிள்ளைகளை எப்படி விடுறது? அம்புட்டுக் கூட்டத்துல எவனாவது தொலைஞ்சு போனா?”

“உங்க பிள்ளை கோயில்ல அப்பா இல்லாம நிப்பாளே, அதுக்கு?”

அப்பா அவசரமாகக் கணக்குப் போட்டார். “விடிகாலையில தாடிக்கொம்பு. ஏழரைக்குக் கோயில். பூசை முடிஞ்சதும் திரும்பத் தாடிக்கொம்பு. வண்டியில பறந்து வந்துருவேன்.”

“அவ பிறந்தநாளுக்கும் இப்படித்தான் பறந்து வந்தீங்க. கேக்கு வெட்டி, எல்லாரும் தின்னு, நான் தட்டைக் கழுவிக் கவுத்தப்புறம்!”

அப்பா விசிலைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு குனிந்து சாப்பிட்டார்.

ஷைனிக்கு அழுகை முட்டியது. அப்பா நல்லவர்தான். யார் என்ன உதவி கேட்டாலும் ‘முடியாது’ என்று சொல்ல அவருக்கு வராது. ஆனால் அந்த வரிசையில் வீட்டுக்கு மட்டும் எப்போதும் கடைசி இடம். ஒரு பக்கம் அம்மாவும் மறுபக்கம் வெறும் காற்றுமாகக் கோயிலுக்குள் நடக்க அவளுக்கு மனமில்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. மாலையில் அவள் நேராகப் பள்ளி மைதானத்துக்குப் போனாள். சாரணர் பையன்கள் காக்கி உடையில் வரிசையாக நின்றார்கள். அப்பா அவர்களைத் திட்டிக்கொண்டிருந்தார்.

சாரணர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. காலையில் எழுந்ததும் கழுத்துத் துணியின் நுனியில் ஒரு முடிச்சுப் போட வேண்டும். அன்றைக்கு யாருக்காவது ஒரு நன்மை செய்த பிறகுதான் அந்த முடிச்சை அவிழ்க்கலாம்.

“நீ என்னடா நன்மை செஞ்ச?”

“பேச்சாயி அம்மாவை ரோட்டைக் கடக்க வச்சேன் சார்.”

“நீ?”

“பேச்சாயி அம்மாவை இந்தப் பக்கம் திரும்பக் கூட்டிட்டு வந்தேன் சார்.”

“நீ?”

“மறுபடியும் அந்தப் பக்கம் சார்.”

பேச்சாயி அம்மா பள்ளி வாசலில் கொய்யாப்பழம் விற்பவர். அவர் மைதானத்துக்கே வந்து முறையிட்டிருந்தார். “ஏப்பா வாத்தியாரே, எனக்கு ரோட்டுக்கு அந்தப் பக்கம் சோலியே இல்லப்பா! உக்கார விடாம இழுத்துட்டுப் போறானுக. கூடையில பாதிப் பழத்தக் காக்கா கொத்திருச்சு!”

அப்பா தலையில் அடித்துக்கொண்டார். “இனிமே பழைய நன்மை எதுவும் செல்லாது. எல்லாரும் புது நன்மையாச் செய்யணும். புரிஞ்சுதா?”

“புரிஞ்சுது சார்!”

வரிசை கலைந்ததும் ஷைனி கருப்பணனிடம் ஓடினாள். அவன் எட்டாம் வகுப்பு படிப்பவன், அந்தப் படைக்குத் தலைவன்.

“கருப்பணண்ணே, ஞாயித்துக்கிழமை எனக்குப் புது நன்மை. நீங்கதான் உதவி பண்ணணும். அதாவது, எங்க அப்பா…”

அதற்குள் அப்பா வண்டியைக் கிளப்பி ஹாரன் அடித்தார். “தாயி, ஏறு! நேரமாச்சு!”

“மறந்துறாதீங்கண்ணே! புது நன்மை!” என்று கத்திக்கொண்டே ஷைனி வண்டியில் ஏறிக்கொண்டாள்.

கருப்பணன் தலையைச் சொறிந்தான். அவன் வீட்டில் கும்பிடுவது கருப்பசாமியை. கோயிலில் நன்மை வாங்குவது பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் புது நன்மை என்றால் என்ன என்று சார் இப்போதுதான் சொல்லியிருக்கிறாரே!

“ஏலே, கேட்டீங்களா? சார் மகளுக்கு ஒரு புது நன்மை வேணுமாம். பாவம்டா, வாய்விட்டுக் கேக்குது. ஞாயித்துக்கிழமை நமக்குத் தேர் வேலை இருக்கு. நாளைக்கே போய்ச் செஞ்சிருவோம்” என்றான்.

சனிக்கிழமை பிற்பகலில் அப்பா வேலைக்குப் போயிருந்தார். ஷைனியும் அம்மாவும் கோயிலுக்குப் போயிருந்தார்கள். ஷைனிக்கு அன்றைக்கு முதல் பாவசங்கீர்த்தனம். செய்த தப்புகளை எல்லாம் சாமியாரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டும். அம்மாவின் கடுகு டப்பாவில் இருந்த காசில் தேன்மிட்டாய் வாங்கியதில் தொடங்கி, அவள் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டு வந்தாள். மனசு கழுவிய தட்டு மாதிரி சுத்தமாக இருந்தது.

வீட்டின் பின்பக்கம் வந்து பார்த்தால், அங்கே ஒரு பட்டாளமே நின்றது.

முருங்கை மரத்தடியில் குளம்போலத் தண்ணீர். வாரத்துக்கு ஒருமுறை வரும் குழாய்த் தண்ணீரை அம்மா பிடித்து வைத்திருந்த பெரிய டிரம் காலி. கொடியில் ஒரே ஒரு துணி சொட்டிக்கொண்டிருந்தது. நல்ல பளீர் நீலத்தில் ஒரு கவுன்.

“இது யாரு கவுனு?” என்று அம்மா மெல்லக் கேட்டார்.

“பாப்பா கவுனுதான் அம்மா!” கருப்பணன் நெஞ்சை நிமிர்த்தினான். “கொடியில கிடந்துச்சு. லேசாத் தூசி. அதான் துவைச்சு நீலம் போட்டோம். ரெண்டு சொட்டுப் போட்டா வெள்ளை ஆகும்னு சொல்வாங்க. நாங்க ரொம்ப வெள்ளை ஆகட்டும்னு பாட்டில் பூராத்தையும் ஊத்திட்டோம்.”

அம்மா துவைக்கிற கல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவர் ராத்திரி பகலாகத் தைத்த கவுன் அது.

ஷைனிக்கு உள்ளங்காலில் இருந்து கோபம் ஏறி வந்தது. வாயைத் திறந்தாள். உடனே மூடிக்கொண்டாள். பாவம் எல்லாவற்றையும் சொல்லிக் காலி செய்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை. இப்போது கத்தினால் மறுபடியும் போய் வரிசையில் நிற்க வேண்டும். அந்த வரிசை வேறு ரொம்ப நீளம்.

அவள் கண்ணை மூடி மூச்சை இழுத்து விட்டாள். கண்ணைத் திறந்தபோது பையன்கள் தெரிந்தார்கள். எல்லார் கையும் முழங்கை வரை நீலம். எல்லார் முகத்திலும் ‘நல்லா இருக்கா?’ என்ற கேள்வி. அவர்கள் வேண்டுமென்றா செய்தார்கள்? அவளுக்குக் கோபம் பாதியாகக் குறைந்தது.

அப்போதுதான் மிக்கேல்ராஜ் சைக்கிளில் வந்து இறங்கினான். அந்தப் படையில் கோயிலுக்குப் போகும் பையன் அவன் ஒருவன்தான். பொன்னுக்கு வீங்கி வந்து சில நாட்களாகப் படுத்திருந்தவன், அன்றைக்குத்தான் எழுந்து வந்திருந்தான். நடந்ததைக் கேட்டதும் வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கத்தினான்.

“ஏலே மடப்பயலுகளா! புது நன்மைன்னா கோயில்ல முதல்முதலா நற்கருணை வாங்குறதுடா! வெள்ளை டிரெஸ் போட்டுக்கிட்டு, அப்பா அம்மாகூட நடந்து போகணும்!”

கருப்பணன் ஏற்கெனவே அவிழ்த்து வைத்திருந்த தன் முடிச்சைத் திரும்பக் கட்டிக்கொண்டான். அவனைப் பார்த்து மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கட்டிக்கொண்டார்கள்.

ஷைனிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “கவலப்படாதீங்கண்ணே. இன்னும் பொழுது சாயலல்ல? அம்மா, நீலம் போகாதா?”

“எலுமிச்சம்பழம் பிழிஞ்சு நல்லா அலசணும். ஆனா தண்ணிக்கு எங்க போக?” என்றார் அம்மா.

“நாங்க இருக்கோம்ல!” என்று பையன்கள் குடங்களைத் தூக்கினார்கள். அடுத்த தெரு அடிபம்பில் இருந்து வீடு வரை வரிசையாக நின்று, குடத்தைக் கைமாற்றிக் கைமாற்றிக் கொடுத்தார்கள்.

கருப்பணன் மட்டும் யோசனையாக நின்றான். “பாப்பா, அப்ப சார் நாளைக்கு உன்கூட நடக்கணுமா? தாடிக்கொம்புக்கு யார் வருவா?”

“பெரியவங்க ஒருத்தர் இருந்தாப் போதும்ல?” என்றாள் ஷைனி. “நூர் மாமாகிட்டக் கேட்டா என்ன? அவரும் சின்ன வயசுல சாரணர்ல இருந்தவர்தான்.”

“சார் அவர்கிட்டக் கேக்கலையா?”

ஷைனி யோசித்துப் பார்த்தாள். அப்பா யாரிடமும் எதையும் கேட்டு அவள் பார்த்ததே இல்லை.

அம்மாவிடம் சொல்லிவிட்டு, கருப்பணனின் சைக்கிள் பின்னால் ஏறிப் பேகம்பூருக்குப் போனாள். நூர் அகமது அப்பாவோடு அதே அலுவலகத்தில் வேலை செய்பவர். வாசலில் நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் பேப்பரைக் கீழே போட்டார்.

“பல வருஷமா என் பக்கத்துல உக்காந்து டீ குடிக்கிறான் உங்கப்பன். அந்தக் கேம்ப்பு, இந்தக் கேம்ப்புன்னு கதை கதையாச் சொல்லுவான். ‘நூரு, நீயும் வாடா’ன்னு ஒரு வார்த்தை கேட்டானா? நானா வந்தா தப்பா நெனப்பானோன்னு வாயை மூடிட்டு இருக்கேன் தாயி!”

“அப்ப நாளைக்கு வருவீங்களா மாமா?”

அவர் வீட்டுக்குள் ஓடினார். பெட்டியில் இருந்து ஒரு பழைய காக்கிச் சட்டையை எடுத்துப் போட்டுப் பார்த்தார். பித்தானுக்கும் பித்தான் ஓட்டைக்கும் நடுவில் அவருடைய தொப்பை உட்கார்ந்திருந்தது.

“தையக்காரர் கடை மூடறதுக்குள்ள போயிட்டு வாரேன்” என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

இருட்டும் நேரத்தில் அப்பா வீட்டுக்கு வந்தார். தெரு முழுக்கத் தண்ணீர்க் குடமும் தன்னுடைய பையன்களுமாக இருப்பதைப் பார்த்துத் திகைத்தார். ஷைனி எல்லாவற்றையும் சொன்னாள்.

“நூரையா கூப்பிட்ட? பாவம், லீவு நாள்ல அவனுக்கு எதுக்குத் தாயி தொந்தரவு?” என்றார் அப்பா.

“ஏம்ப்பா, உங்ககிட்ட யாராவது உதவி கேட்டா உங்களுக்குத் தொந்தரவா இருக்குமா, சந்தோஷமா இருக்குமா?”

“சந்தோஷமாத்தான் இருக்கும்.”

“அந்தச் சந்தோஷத்தை நீங்க மட்டுமே வச்சுக்கிட்டா எப்படி? நூர் மாமாவுக்கும் கொஞ்சம் குடுங்கப்பா.”

அப்பா கழுத்து விசிலைத் திருகிக்கொண்டு நின்றார்.

“பேசாம ஒத்துக்கங்க. அவ இப்பத்தான் பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டு வந்திருக்கா. அவ வாயில பொய் வராது” என்றார் அம்மா.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கவுன் வெள்ளையாகி இருந்தது. ஒரு கையில் மட்டும் லேசாக நீலம் போகாமல் நின்றுவிட்டது. “மாதா முக்காட்டுக் கலருதானே, இருக்கட்டும்” என்று அம்மா அதைத் தடவிக் கொடுத்தார்.

கோயில் மணி அடித்தது. பாட்டு தொடங்கியது. ஷைனியின் ஒரு பக்கம் அம்மா நடந்தார். மறுபக்கம் அப்பா கையை வீசி லெப்ட், ரைட் என்று நடந்தார்.

“அப்பா, மார்ச் பண்ணாதீங்க” என்று ஷைனி கிசுகிசுத்தாள்.

நிமிர்ந்து பார்த்தாள். அப்பாவின் கண்ணில் இருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. ஷைனிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. மெழுகுவர்த்தியை ஒரு கைக்கு மாற்றி, மறு கையால் அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டாள். அதன் பிறகு அவர் மார்ச் பண்ணவில்லை.

பூசை முடிந்ததும் அப்பாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. “ஒரே ஒரு எட்டுப் பாத்துட்டு வந்துருவோம்” என்றார். மூன்று பேரும் பஸ் ஏறித் தாடிக்கொம்புக்குப் போனார்கள்.

அங்கே தேர் ஓடிக்கொண்டிருந்தது. பையன்கள் சிட்டாகப் பறந்து தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் நூர் அகமது, தையல் பிரித்துப் பெரிதாக்கிய சட்டையில், விசில் ஊதிக்கொண்டிருந்தார். தொலைந்துபோன ஒரு குழந்தை அவர் தோளில் உட்கார்ந்து தேரைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் அம்மா ஆள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்து வாங்கிக்கொண்டார்.

அப்பா சட்டைக் கையை மடித்துக்கொண்டு முன்னால் போனார். “நான் என்ன செய்யட்டும்?”

நூர் அகமது விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார். “ஒண்ணும் வேணாம் கிளெமென்ட்டு. வீட்டுக்குப் போ.”

“ஆமா சார், நாங்க பாத்துக்கிறோம். நீங்க நிக்கிற இடத்துல ஒரு பானை வைக்கணும், கொஞ்சம் தள்ளுங்க சார்” என்றான் கருப்பணன்.

அப்பா தள்ளி நின்றார். மிட்டாயைப் பறிகொடுத்த பிள்ளைபோல அவர் முகம் சுருங்கிவிட்டது. ஷைனி அவர் கையைப் பிடித்து இழுத்தாள்.

“வாங்கப்பா. வீட்ல உங்களுக்கு ஒரு வேலை இருக்கு.”

அப்பாவின் முகம் மலர்ந்தது. “என்ன தாயி வேலை? சொல்லு, சொல்லு!”

“எங்க கூடச் செத்த நேரம் சும்மா உக்காந்திருக்கணும்.”

“அது ரொம்பக் கஷ்டமாச்சே!” என்றார் அப்பா. ஆனாலும் வந்தார். பஸ்ஸில் ஷைனிக்கும் அம்மாவுக்கும் நடுவில் கையைக் கட்டிக்கொண்டு, அடுத்த நிறுத்தம் வரைக்கும் சும்மாவே உட்கார்ந்திருந்தார். அங்கே கைக்குழந்தையோடு ஏறிய ஒரு பெண்ணைப் பார்த்ததும் துள்ளி எழுந்து இடம் கொடுத்தார். முதல் நாள்தானே, போகட்டும் என்று ஷைனி விட்டுவிட்டாள்.