ஐந்து வீட்டு மூட்டை

அப்பா சர்க்கரையைக் குளிப்பாட்டிய அன்றுதான் வீட்டுச் செலவு குண்டூசியின் கைக்கு வந்தது.

குண்டூசிக்குப் பத்து வயது. ஆள் குட்டிதான், ஆனால் பேசினால் சுருக்கென்று குத்தும். அதனால் அப்பா வைத்த பெயர் அது.

ஊரெல்லாம் தொற்றுநோய். கடையிலிருந்து வரும் எதுவும் சோப்புத் தண்ணீரில் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் நுழைய வேண்டும் என்பது அப்பா போட்ட சட்டம். எண்ணெய் பாக்கெட், பிஸ்கட் பாக்கெட் எல்லாம் சமர்த்தாகக் குளித்தன. அன்று பார்த்துக் கடையில் பிளாஸ்டிக் பை தீர்ந்துபோய், இரண்டு கிலோ சர்க்கரையைக் காகிதத்தில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அப்பா ஏதோ யோசனையில் அதையும் வாளிக்குள் முக்கிவிட்டார். வெளியே எடுத்தபோது கையில் காகிதம் மட்டும்தான் இருந்தது.

அம்மா திட்டவில்லை. அதுதான் குண்டூசிக்குப் பயமாக இருந்தது. அம்மா பணம் வைக்கும் உறையைப் பிரித்து எண்ணினாள். இரண்டாயிரம் இருந்தது. ஒன்றாம் தேதிக்கு இன்னும் பன்னிரண்டு நாள்.

அப்பா பள்ளிப் பேருந்து ஓட்டுபவர். பள்ளியை மூடிவிட்டதால் பாதிச் சம்பளம்தான். அம்மா தையல்காரர். யாரும் வாசலைத் தாண்டாதபோது புதுச் சட்டை யாருக்கு வேண்டும்?

"எப்படிப் பார்த்தாலும் நானூறு இடிக்குது. தையல் மெஷினை ஒருத்தர் விலைக்குக் கேட்டுட்டே இருக்கார். குடுத்துடலாம்," என்றாள் அம்மா.

குண்டூசிக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த மெஷின் அம்மா நாலு வருடம் சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கியது. ஒருமுறை போனால் போனதுதான்.

"ஒன்னாந்தேதி வரைக்கும் டைம் குடும்மா. செலவை நான் பார்த்துக்கிறேன். காசு பத்தலைன்னா வித்துடு," என்றாள்.

அம்மா அப்பாவைப் பார்த்தாள். சர்க்கரையைக் கரைத்த பாவத்துக்கு அப்பா தலையாட்டினார். உறையைத் தூக்கி மகளிடம் கொடுத்து, இனிமேல் நீதான் நிதி மந்திரி என்று சொல்லிவிட்டார்.

மறுநாள் காலை நிதி மந்திரி அப்பாவோடு கடைக்குப் போனாள். கடை இரண்டு மணி நேரம்தான் திறந்திருக்கும். வீட்டுக்கு ஒருவர்தான் உள்ளே போகலாம். அப்பா உள்ளே போக, அவள் தரையில் போட்ட வட்டத்துக்குள் நின்றாள். பொழுது போகாமல் விலைப் பலகையை மேலிருந்து கீழ்வரை படித்தாள். அரிசி சில்லறையில் கிலோ அறுபது. இருபத்தைந்து கிலோ மூட்டை ஆயிரத்து நூறு.

விரல் விட்டுக் கணக்குப் போட்டாள். மூட்டையாக வாங்கினால் கிலோ நாற்பத்து நாலு. கிலோவுக்குப் பதினாறு மிச்சம். ஏன் இப்படி என்று வெளியிலிருந்தே கேட்டாள். பொட்டலம் கட்டும் கூலி இல்லை, அதனால்தான் விலை குறைவு என்றார் கடைக்காரர். எண்ணெய் டின், பருப்பு மூட்டை, மாவு மூட்டை எல்லாவற்றுக்கும் இதே கதைதான். வேண்டுமா என்று கேட்டார்.

"வாங்கினா அப்புறம் உப்பு வாங்கக்கூடக் காசு இருக்காதே," என்றாள் குண்டூசி.

வீடு திரும்பும் வழியெல்லாம் அவள் மனசுக்குள் கணக்குப் போட்டபடியே வந்தாள். அவர்கள் இருந்த கட்டடத்தில் மொத்தம் ஐந்து வீடு. ஐந்து வீடும் சேர்ந்தால்?

மாடிப்படிச் சுவரில் ஒரு தாளை ஒட்டி, பக்கத்தில் பென்சிலைக் கட்டித் தொங்கவிட்டாள். சேர விரும்புகிறவர்கள் பெயர் எழுதவும் என்று போட்டிருந்தாள். எல்லோரும் வந்து படித்தார்கள். எல்லோரும் பென்சிலைப் பாம்பைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். யார் தொட்டதோ என்ற பயத்தில் ஒருவரும் தொடவில்லை. சாயங்காலம் வரை தாள் வெள்ளையாகவே இருந்தது.

எழுதத்தானே பயம், பேச என்ன பயம் என்று நினைத்தாள் குண்டூசி. கீழ்ப்படியில் நின்று தொண்டை கிழியக் கூப்பிட்டாள். ஒவ்வொரு கதவாகத் திறந்தது. ஆளுக்கு ஆள் முகம் தெரியாமலேயே கூட்டம் தொடங்கியது.

முதல் மாடி சலூன்காரர் உடனே சரி என்றார். மூன்றாம் மாடியில் இருந்தவர் தபால் ஆபீஸில் முப்பது வருடம் பார்சல் எடை போட்டவர். அவர் லேசில் விடுவாரா?

"யார் பிரிக்கிறது? கடைசியில எனக்கு அடிமூட்டைத் தூசிதான் வரும்," என்றார்.

"நான் பிரிக்கிறேன், தாத்தா. நீங்க எல்லாரும் பையைப் பார்த்து எடுத்துக்கோங்க. கடைசியா மிஞ்சுறதுதான் எங்க வீட்டுக்கு," என்றாள் குண்டூசி.

அப்படியானால் சரி என்று மேலிருந்து குரல் வந்தது.

இப்போது எதிர்வீட்டு அத்தை குரலைத் தாழ்த்தினார். இரண்டாம் மாடிப் பெண் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறாள், அவளையும் சேர்க்க வேண்டுமா என்று கேட்டார். மாடிப்படியில் குரலைத் தாழ்த்தினாலும் மூன்று மாடிக்கும் கணீரென்று கேட்கும் என்பது அவருக்குத் தெரியவில்லை.

"என்னை விட்டுடுங்க அத்தை. ரொட்டி சாப்பிட்டே பழகிடுச்சு," என்றது இரண்டாம் மாடிக் குரல்.

குண்டூசிக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. "கடை திறக்குறதுக்கு முன்னாடியே அக்கா வேலைக்குப் போயிடுறாங்க. வர்றப்போ கடை மூடியாச்சு. அவங்க எப்போதான் வாங்குவாங்க? அக்கா பையை நானே மேலே கொண்டுபோய் வைக்கிறேன். அவங்க இல்லைன்னா நானும் இல்லை."

அத்தை இரண்டு முறை இருமினார். தான் ஒன்றும் தப்பாகச் சொல்லவில்லை என்றார். அப்புறம், அந்தப் பெண்ணுக்கு வெங்காயமும் சேர்த்து வாங்கச் சொன்னார்.

மறுநாள் ஐந்து வீட்டுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு போன அப்பா, கடைக்காரரின் தள்ளுவண்டியில் மூட்டைகளை ஏற்றி, பேருந்து ஓட்டிய நாளெல்லாம் நினைவுக்கு வந்ததோ என்னவோ, வாயாலேயே ஹார்ன் அடித்துக்கொண்டு வந்தார். இந்த முறை எதையும் குளிப்பாட்ட விடவில்லை மந்திரி. அம்மாவும் அவளும் முகக்கவசத்தோடு உட்கார்ந்து, ஒரே டம்ளரால் தலைதட்டி அளந்து, ஐந்து பங்கு போட்டார்கள். ஒவ்வொருவராக வந்து எடுத்துப் போனார்கள். முதல் ஆளாக வந்த தபால் தாத்தா ஐந்து பையையும் கால் மணி நேரம் தூக்கித் தூக்கிப் பார்த்தார். கடைசியில் முதலில் தூக்கிய பையையே எடுத்துக்கொண்டார். அக்கா பையைக் குண்டூசியே மேலே கொண்டுபோய் வைத்தாள்.

அரிசியில் மட்டும் வீட்டுக்கு எண்பது மிச்சம். எண்ணெய், பருப்பு, மாவு, வெங்காயம் எல்லாம் சேர்த்தால் நானூற்றுச் சொச்சம். பால், காய்க்குக் கையை இறுக்கிப் பிடித்தாள் குண்டூசி. மாதக் கடைசி இரவு உறையைக் கவிழ்த்தபோது முப்பத்தைந்து விழுந்தது. முப்பத்தைந்துதான். ஆனால் அப்பா அதை மூன்று தடவை எண்ணி எண்ணிச் சிரித்தார்.

ஒன்றாம் தேதி காலை தொலைபேசி அடித்தது. மெஷினைக் கேட்டவர்தான். அம்மா தொலைபேசியை மகளிடம் நீட்டினாள்.

"மெஷின் விற்கிறதுக்கு இல்லைங்க," என்றாள் குண்டூசி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. அம்மா மெஷின்மேல் போட்டிருந்த துணியை உருவி எடுத்தாள்.

தொலைபேசியை வைக்கப் போன குண்டூசி ஏதோ தோன்றி நிறுத்தினாள். "ஒரு நிமிஷம். உங்க வீட்டுல அரிசி கிலோ என்ன விலைக்கு வாங்குறீங்க?"

மறுமுனையில் அறுபது என்றார்கள்.

"உங்க கட்டடத்துல எத்தனை வீடு?" என்று கேட்டபடி நிதி மந்திரி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.