பதினொரு நிமிடக் கம்பம்

பதிவு நாளில் சகாயமேரியிடம் யாரும் பேசக்கூடாது.

கிழக்கு வெளுக்கும்போது அவள் பதிவுவளையத்தைத் தலையில் மாட்டிக்கொண்டு, கம்பம் பள்ளத்தாக்கின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை திராட்சைப் பந்தல்களின் அடியிலேயே நடப்பாள். எதிரே வருகிறவர்கள் தோட்டத்துக்குள் ஒதுங்கிக்கொள்வார்கள். நாய்களைக் கட்டிப்போடுவார்கள். அவள் கண்டது, கேட்டது, முகர்ந்தது எல்லாம் மாவைவிட நுண்ணிய கனவுத்துகளாகி அந்த வருட ஒயினில் சேரும். நிலவு நகரங்களில் யாரோ ஒருவர் முதல் மிடறு விழுங்குவார். அடுத்த பதினொரு நிமிடம் அவர் கம்பத்தில் நிற்பார்.

ஒருமுறை புட்டி அடைக்கும் ஆரோக்கியம் மறந்துபோய், "மேரிக்கா, சாப்டியா?" என்று கேட்டுவிட்டான். அந்த வருடம் முழுவதும் நிலவில் இரண்டு லட்சம் பேர் கண்ணை மூடியபடி "சாப்டேன்" என்று பதில் சொன்னார்கள்.

ஒயின் மூன்று திராட்சைகளின் கலவை. மணத்துக்குப் பன்னீர், துவர்ப்புக்கு சிராஸ், நிறத்துக்கு மலைக்கறுப்பு. எந்த வருடம் எது எவ்வளவு என்பது சகாயமேரியின் நாக்குக்குத்தான் தெரியும். திராட்சையை எப்படியும் கலக்கலாம். கனவைக் கலக்கக்கூடாது. அதே வருடம், அதே இடம். ஊர்ப்பெயர் வாரியத்தின் விதி அது. மீறினால் புட்டியிலிருந்து கம்பம் என்ற பெயர் போய்விடும். பெயரில்லாத ஒயினை நிலவில் யாரும் தொடமாட்டார்கள். நானூறு குடும்பங்கள் பந்தலைப் பிரித்துவிட்டு வேறு ஊர் பார்க்க வேண்டியதுதான்.

இந்த வருடம் மலையிலிருந்து மூடுபனி இறங்கவில்லை. ஓடை வற்றிக் கிடந்தது. நடந்த வழியெல்லாம் மோட்டார் சத்தம், புழுதி. சகாயமேரி பதிவை ஒருமுறை ஓட்டிப் பார்த்தாள். பிறகு பழைய பதிவுகளை எடுத்தாள். நான்கு வருடத்துக்கு முந்தைய பனி. ஒன்பது வருடத்துக்கு முந்தைய ஓடை. இந்த வருடத்து வெயில் ஒரு சிட்டிகை. மூன்று திராட்சைகளைக் கலந்து பழகிய கைக்கு மூன்று வருடங்களைக் கலப்பது கடினமாக இல்லை.

"தப்புதானக்கா?" என்றான் ஆரோக்கியம். அவளுக்குத் தம்பி முறை அவன்.

"தப்புதான்டா. நல்லா இருக்கா, அதச் சொல்லு."

அவன் ஒரு மிடறு குடித்தான். கண்கள் தாமாக மூடிக்கொண்டன. பதினொரு நிமிடம் கழித்துக் கண்ணைத் திறந்தான். காய்ந்த சட்டையின் தோளிலிருந்து பனியைத் துடைத்துவிட்டான்.

மாதிரிப் புட்டி நிலவுக்குப் போயிற்று. குடித்துப் பார்த்த வாரியம், ஓர் ஊர் இவ்வளவு அழகாக இருக்குமா என்று நம்பமுடியாமல் ஓர் ஆய்வாளரை அனுப்பியது. கனவையும் இடத்தையும் நேரில் ஒப்பிடுவது அவர் வேலை. அதுவரை யாரும் நேரில் வந்ததில்லை.

ஆய்வாளர் மாசிலாமணி நிலவில் பிறந்தவர். பூமியில் தன் எடையைத் தாங்க இடுப்பிலிருந்து பாதம்வரை தாங்குசட்டம் மாட்டியிருந்தார். மேட்டில் ஏறி நின்று பார்த்தார். நண்பகல். கீழே பந்தல்களில் புழுதி படிந்திருந்தது. எங்கோ ஒரு மோட்டார் இருமியது.

"இதுதானா?"

"இதுதாங்கய்யா."

"என் கல்யாணத்துல கம்பம்தான் குடிச்சோம். எங்கப்பா சாகும்போது கடைசியா கேட்டதும் கம்பம்தான்."

ஆரோக்கியம் முந்திக்கொண்டான். "வெயில் நேரமுங்கய்யா. விடியக்காலம் வந்திருந்தீகன்னா..."

"புட்டியைத் திறங்க."

அவர் விழுங்கினார். உச்சி வெயிலில், மூடிய கண்களுடன், அந்த முகம் மெதுவாகக் குளிர்ந்தது. ஒரு காலைத் தூக்கி, இல்லாத நீரில் வைத்தார்.

"அழுகுறாருக்கா."

"பேசாம இரு."

கண்ணைத் திறந்ததும் அவர் கீழே பார்த்தார். முகம் மாறியது. இனி மறைக்கமுடியாது என்று சகாயமேரிக்குத் தோன்றியது.

"அய்யா, ஒண்ணு சொல்லணும். அந்தப் பனி இந்த வருசத்துது இல்ல. ஓடையும் இல்ல. பழசைக் கலந்துட்டேன்."

"என்னம்மா சொல்றீங்க? நாலு வயசுல அப்பா மடியில உக்காந்து ஒரு சொட்டு குடிச்சவன் நான். கம்பம் எதுன்னு எனக்குத் தெரியாதா? புட்டியில ஒரு குறையும் இல்ல." அவர் கையை நீட்டிப் பள்ளத்தாக்கைக் காட்டினார். "தப்பு அங்க இருக்கு."

உத்தரவை அங்கேயே எழுதினார். ஒயின் கம்பம் என்ற பெயரைத் தொடரலாம். மேற்படி இடம், சான்றளிக்கப்பட்ட கனவுடன் பொருந்தும்வரை, அப்பெயரைப் பயன்படுத்தலாகாது.

"அப்ப எங்க ஊருக்கு என்ன பேருங்கய்யா?"

"அது வாரியத்தோட வேலை இல்லம்மா."

அவருடைய ஊர்தி போனதும் ஆரோக்கியம் தாளை எட்டிப் பார்த்தான். "பாஸா, பெயிலாக்கா?"

"சரக்கு பாஸு. நாமதான் பெயிலு."

அவன் சிரித்தான். அவளும் சிரித்தாள். அதன்பின் இருவரும் மேட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். மோட்டார்கள் ஒவ்வொன்றாக நின்றன. சாயங்கால வெயில் பந்தல்களின்மேல் சாய்ந்தது. புழுதியின் ஒவ்வொரு துகளும் சிவந்தது. கிளிகள் கூட்டமாகக் கடந்தன.

"பாக்க நல்லாத்தானக்கா இருக்கு?" என்றான்.

சகாயமேரி நெடுநேரம் பார்த்தாள்.

"எனக்குச் சொல்லத் தெரியலடா. ஊத்து, ஒப்பிட்டுப் பாப்போம்."

அவன் மீதியை இரண்டு குவளைகளில் ஊற்றினான். குடித்தார்கள். பதினொரு நிமிடத்துக்குக் கண்களை மூடிக்கொண்டார்கள். சூரியன் மலைக்குப் பின்னால் இறங்க ஒன்பது நிமிடம் ஆயிற்று.