முதலில் முளைத்த பல்

அன்று அருப்புக்கோட்டையில் அந்தப் பல் ஆஸ்பத்திரியில் இருந்தவர்கள் ஐந்து பேர். சுழல் முக்காலியில் டாக்டர் சுபத்ரா. மருந்து அலமாரியோரம் அவருடைய உதவியாளர் ஜன்னத். சாய்வு நாற்காலியில் மாரீஸ்வரி, அவள் மடியில் மூன்று வயது மகள் பொன்மணி. வாசலோரப் பிளாஸ்டிக் நாற்காலியில், முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டு, கழுத்தில் ஆண்கள் கட்டும் தாயத்தோடு, மாரீஸ்வரியைப் பெற்ற சங்கரம்மாள். பல்வலி என்று பரளச்சியிலிருந்து பஸ் ஏறி வந்தவள், மகளும் வந்திருப்பாள் என்று அறியாமல்.

"மேல்பல்லு முதல்ல மொளச்சா தாய்மாமனுக்கு ஆகாதாம், டாக்டரம்மா," என்றாள் மாரீஸ்வரி. "இவளுக்கு மேல்பல்லு வந்த வாரந்தான் எங்கண்ணன் காளிராஜு லாரி கவுந்து போயிட்டாரு. மாமன முழுங்கினவன்னு எங்காத்தா இவளத் தொடக்கூட மாட்டேங்குது. எங்க வீட்டுக்காரரு, இனி அந்த வாசப்படிய மிதிக்கப்படாதுன்னுட்டாரு. இவளுக்குக் காது குத்தணும். பொறந்த வீடில்லாம எங்க போயி குத்த?"

சுபத்ரா குழந்தையின் வாயைத் திறந்து பார்த்தார். கீழ்வரிசை நடுவில் ஒரு பல்லுக்கு இடம் காலியாக இருந்தது.

"விழுந்துச்சா?"

"மொளைக்கவே இல்ல."

"பிறந்தப்ப பால் நல்லாக் குடிச்சாளா?"

"எங்க? வாய வச்சாலே கத்துவா. நாக்குக்கு அடியில புண்ணுன்னு அண்ணன் சொன்னாரு. ஆபரேசன் ஒடம்பு, நான் எந்திரிச்சுப் பாக்கல. ஊசி போடணும்னு அவரே டவுனுக்குத் தூக்கிட்டுப் போனாரு. வந்ததும் குடிச்சா."

"சேனை வச்சது யாரு?"

"அவருதான். சீனித்தண்ணிய நாக்குல தொட்டு வச்சவரு, வெரல வெடுக்குன்னு இழுத்துக்கிட்டு, 'ஒம் மக பொல்லாதவ'ன்னு சிரிச்சாரு."

ஜன்னத்துக்குப் பொறி தட்டியது. "பல்லோட பிறந்திருக்கா, டாக்டர். அதுதான் நாக்கை அறுத்திருக்கு. யாரோ பிடுங்கியிருக்காங்க." குரலைத் தாழ்த்தினாள். "அந்த அம்மாவா இருக்குமோ?"

"இருக்காது. பிடுங்கினவங்களுக்குக் கீழ்ப்பல்தான் முதல்ல வந்ததுன்னு தெரியும். தெரிஞ்சவங்க பிள்ளைமேல பழி போடமாட்டாங்க."

சுபத்ரா எழுந்து வாசலுக்குப் போனார். "அம்மா, கழுத்துல மகனோட தாயத்தா?"

"ஆமா. அவன் மேலயிருந்து கழட்டினது."

"உள்ள அவரோட தொப்புள்கொடியா?"

"இல்ல. இந்தப் பிள்ள பொறந்த மாசம் அவனாச் செஞ்சு மாட்டிக்கிட்டான். தெறக்கப்படாதுன்னான்."

அதைக் கழற்றித் தர சங்கரம்மாளுக்கு வெகுநேரம் பிடித்தது. சுபத்ரா தாயத்தின் வாயை அடைத்திருந்த மெழுகைச் சுரண்டிக் கவிழ்த்தார். அவர் உள்ளங்கையில் விழுந்தது குருணை அரிசி போல ஒரு பல்.

"பல்லோட பொறந்தவன்னு ஊர் பேசும். அதுக்குப் பயந்து, ஆஸ்பத்திரியில காட்டி எடுத்திருக்காரு. கூரையில எறிஞ்சா யாருதுன்னு கேப்பாங்க. மேலயே வச்சுக்கிட்டாரு. மேல்பல் முதல்ல மொளச்சாலும் யாரும் சாகமாட்டாங்கம்மா. அத நீங்க ஒத்துக்கமாட்டீங்க. உங்க கணக்குப்படியே பாத்தாலும் இவளுக்குக் கீழ்ப்பல்தான் முதல்."

"அப்ப எம்மகன் எதுல செத்தான்?"

"லாரியில பிரேக் பிடிக்கல."

"தெரியும்," என்றாள் சங்கரம்மாள். "பிரேக்கப் போயி வைய முடியுமா?"

அந்தப் பல்லை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

மருமகன் சின்னச்சாமி திருப்பூரில் இருந்தார். மாமியார் ஃபோன் என்றால் எடுக்கமாட்டார். எனவே சங்கரம்மாள் சொல்லச் சொல்ல ஜன்னத் எழுதினாள்: "மாப்பிள்ளைக்கு. எம்பேத்திக்கு எங்க வீட்டுல வச்சுத்தான் காது குத்தணும். உக்கார வைக்க மாமன் மடி இல்ல. நான் உக்காருறேன். என்னைய வையணும்னா வந்து வஞ்சுட்டுப் போங்க."

உறையின் ஓரத்தை நாக்கில் தடவி சங்கரம்மாளே ஒட்டினாள். தபால்பெட்டியில் போட ஜன்னத் கை நீட்டினாள்.

"நானே போடுறேன், தாயி," என்று கடிதத்தோடு வெயிலில் இறங்கி, சங்கரம்மாள் தெருவைக் கடந்தாள்.