முதல் சர்வர் பதில் சொல்லாவிட்டால்

மணி ஐந்தாகியும் ஃபெமினா போன் செய்யவில்லை. அதுதான் பிரவீன்ராஜுக்கு உறுத்தியது. மகள் பெலிண்டாவுக்கு இன்று புதுநன்மை, முதல்முறையாக நற்கருணை வாங்கும் நாள். நாலு மணிப் பூசைக்குக் காட்டூர் கோயிலுக்கு வந்துவிடுவேன் என்று காலையில் மனைவியிடம் அடித்துச் சொல்லிவிட்டு வந்தவன், துவாக்குடியில் பம்ப் கம்பெனியின் மாடியறையில், ஏசிக் குளிரில் இன்னும் உட்கார்ந்திருந்தான். வேறு நாளாக இருந்தால் இதற்குள் பத்து தடவை கூப்பிட்டுத் திட்டித் தீர்த்திருப்பாள்.

போன மாதம் ஆபீசின் மெயில் சர்வர் இரண்டு நாள் படுத்துவிட்டது. அதனால்தான் இந்த இரண்டாவது சர்வர். முதல் சர்வர் பதில் சொல்லாவிட்டால், அதன் பெயருக்கு வரும் மெயில்களை இது வாங்கி வைத்துக்கொள்ளும். அனுப்பியவருக்கு வித்தியாசமே தெரியாது. முதல் சர்வர் எழுந்ததும் எல்லாவற்றையும் அதனிடம் ஒப்படைத்துவிட வேண்டும். ஆள் இல்லாத ஞாயிறில்தான் இதைச் சோதித்துப் பார்க்க முடியும்.

மூன்று மணிக்கு முதல் சர்வரை அணைத்தான். அதன் விசிறிச் சத்தம் மெல்ல மெல்ல இறங்கி அடங்கியபோது, சுட்ட தூசி வாசனையோடு கஞ்சி போட்டு இஸ்திரி செய்த சட்டையின் வாசனையும் எங்கிருந்தோ வந்தது. முதுகுக்குப் பின்னால் கதவு திறந்து மூடியது. படிகளில் யாரோ நிதானமாக இறங்கிப் போகும் செருப்புச் சத்தம் கேட்டது. வாட்ச்மேன் தமிழ்மணியாக இருக்கும் என்று அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மூன்றரைக்கு முதல் சர்வரை மறுபடி எழுப்பினான். தகராறு அப்போதுதான் தொடங்கியது. இரண்டாவது எதையும் ஒப்படைக்கவில்லை. 'முதல் சர்வர் பதில் சொல்லவில்லை' என்று திரையில் வரி வரியாக விழுந்துகொண்டே இருந்தது. முதல் சர்வரோ கையெட்டும் தூரத்தில் பச்சை விளக்கு எரிய ஓடிக்கொண்டிருந்தது. வயரை மாற்றினான். எல்லாவற்றையும் அணைத்து மறுபடி போட்டான். அதே வரிதான்.

போனை எடுத்தான். சிக்னல் முழுதாக இருந்தது. குடும்ப குரூப்பில் அக்கா லூர்துராணி ஒரு போட்டோ போட்டிருந்தாள். வெள்ளை கவுனில் பெலிண்டா. பக்கத்தில் ஃபெமினா. இருவர் தோளிலும் கை போட்டபடி அவன்.

போட்டோவில் அவன் போட்டிருந்தது, இன்றைக்கென்று வீட்டில் இஸ்திரி போட்டு வைத்துவிட்டு வந்த வெளிர் நீலச் சட்டை.

படிகளில் ஓடி இறங்கினான். ஷெட்டில் அவன் பைக் இல்லை. கேட்டுக்கு வெளியே பூட்டோடு நின்ற தமிழ்மணி, அவனைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் போனார்.

"நீங்க மூணு மணிக்கே கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்பிட்டீங்களே சார். பாப்பாவுக்கு விசேஷம்னு சொன்னீங்க..."

ரிஜிஸ்டரைக் கம்பி வழியாகக் காட்டினார். அவன் கையெழுத்தேதான். அந்தக் கடைசிச் சுழி உட்பட.

ஃபெமினாவைக் கூப்பிட்டான்.

"யாருங்க பேசறது? இது எங்க வீட்டுக்காரர் போன். ஆபீஸ்ல தொலைஞ்சிடுச்சுன்னு சொன்னாரு. எடுத்தவங்க தயவு செஞ்சு குடுத்துடுங்க."

"ஃபெமினா, நான்தான்."

போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு அவள் கிசுகிசுத்தாள். "என்னங்க, உங்க குரல் மாதிரியே இருக்கு."

அவள் சிரித்துக் கேட்டுப் பல மாதம் ஆகியிருந்தது. இப்போது அந்தக் கிசுகிசுப்பில் சிரிப்பு இருந்தது. பயத்தைவிட அதுதான் அவனுக்கு அதிகம் வலித்தது.

"குடும்மா, நான் பேசிக்கறேன்."

அவன் குரல். பேசத் தொடங்குமுன் தொண்டையைச் செருமும் அவன் வழக்கம்.

"நீங்க ஆபீஸ் வேலையப் பாருங்க," என்றது அந்தக் குரல், மரியாதையாக. "இங்க எல்லாத்தையும் நான் பாத்துக்கறேன்."

பின்னால் பெலிண்டா கேட்டாள். "யாருப்பா அது?"

"யாருமில்லடா."

போன் கட்டானது. பிரவீன்ராஜ் வாயைத் திறந்தான். தமிழ்மணியைக் கூப்பிட்டான். கம்பியைப் பிடித்து உலுக்கினான்.

இவ்வளவு நேரம் அவனோடு பேசிய தமிழ்மணி, இப்போது எதிரில் யாருமே இல்லாததுபோல், காதைச் சாய்த்து எதையோ கேட்க முயன்றார். கம்பி வழியாக உள்ளே பார்த்தார். அவர் பார்வை அவன் முகத்தின் மேல் விழுந்து, அங்கே நிற்காமல், காலியான படிக்கட்டைத் தேடிப் போனது.

பிறகு அவர் கேட்டைப் பூட்டினார்.