கூட்டுக் காரணம்

அப்பாவின் மரணத்தில் தனக்கு இருபத்தேழு பங்கு என்னும் சீட்டு வந்தபோது மங்கையர்க்கரசி திடுக்கிடவில்லை. செவ்வாயின் குடியேற்றங்களில் யார் இறந்தாலும் பதினாறாம் நாள் உறவினருக்கு அத்தகைய சீட்டு வரும். அண்டை வீட்டார் வாங்கிப் பார்த்து, நூற்றில் இவ்வளவுதானே என்று ஆறுதல் சொல்லிப் போவார்கள். அவளைச் சுட்டது வேறு: அண்ணன் அறவாழிக்கும் அதே இருபத்தேழு.

பெற்றோரில் ஒருவரது மரணத்தில் எந்தப் பிள்ளையின் பங்கு குறைவோ, எஞ்சியவர் அந்தப் பிள்ளையோடுதான் வாழ வேண்டும் என்பது சட்டம். பங்கு சமமானால் விசாரணை. விசாரணைக் கூடத்தில் இருவருக்கும் நடுவே அம்மா குமுதவல்லி அமர்த்தப்பட்டிருந்தாள். அவள் நெஞ்சில் பதித்த உயிர்மானி விட்டுவிட்டு ஒளிர்ந்தது. அவளைத் தன் வீட்டுக்கு அழைத்துப்போகாமல் திரும்புவதில்லை என்று மங்கையர்க்கரசி முடிவு செய்திருந்தாள்.

பகுப்பான் என்னும் பொறி தன் முறையை விளக்கியது. இறந்தவரின் உடலைக் கணக்கில் மீண்டும் எழுப்பி, காரணங்களை வெவ்வேறு வரிசையில் ஒவ்வொன்றாக நீக்கி, பத்தாயிரம் முறை அவரைச் சாகவிட்டுப் பார்ப்பது அதன் வழக்கம். மூப்புக்கு நாற்பத்தாறு. அறவாழி மாற்ற மறந்த காற்று வடிகட்டி உள்ளே விட்ட தூசிக்குப் பதின்மூன்று. மகள் மாதந்தோறும் அனுப்பிய ஊறுகாயின் உப்புக்கும் பதின்மூன்று. எஞ்சிய இருபத்தெட்டு, தூசியும் உப்பும் சேர்ந்து செய்தது. ஒன்றில்லாமல் மற்றது அதைச் செய்திருக்காது. ஆகவே ஆளுக்குப் பாதி.

"தூசியில கெடந்து நாக்குச் செத்துப்போயித்தான் அப்பா ஊறுகா கேட்டாரு," என்றாள் மங்கையர்க்கரசி. "இருபத்தெட்டும் இவருக்குத்தான் சேரணும்."

"ஆமா, ஜாடி ஜாடியா அனுப்பிச்சது நானாக்கும்," என்றான் அறவாழி. "ஏழு வருஷத்துல ஒரு தரம் வந்து எட்டிப் பாத்தியாடி? வந்திருந்தா வடிகட்டிய நீயே மாத்தியிருக்கலாமே."

அதன்பின் பேச்சு தூசியிலும் உப்பிலும் நிற்கவில்லை. அவள் திருமணத்தில் அவன் முகம் சுளித்தது, அவன் படிப்புக்காக அவள் படிப்பு நின்றது, யார் பிறந்தபோது அப்பா சிரித்தார் என்பது வரை போயிற்று. போதும், வீட்டுக்குப் போங்கள் என்று அம்மா இரண்டு முறை சொன்னாள். அதைப் பகுப்பான் மட்டும் பதிவு செய்தது.

பிறகு அதுவே குறுக்கிட்டது. உயிரோடிருப்பவரின் மரணப் பங்கீட்டை வெளியிடுவது மரபன்று. ஆயினும் ஒரே காரணம் பத்தைத் தாண்டினால் உரியவர்களை எச்சரிக்க வேண்டும் என்று விதி இருந்தது.

"குமுதவல்லியின் வருங்கால மரணத்தில் இந்த வாக்குவாதத்தின் பங்கு பன்னிரண்டு. நீங்கள் இருவரும் பேச்சை நிறுத்தினால் குறையும்."

இருவரும் நிறுத்தினார்கள். உயிர்மானியின் ஒளி சீராயிற்று. திரையில் எண் பதினொன்றாகி, பத்தாகி, ஒன்பதாயிற்று. அம்மாவின் விரல்கள் முந்தானை நுனியை முறுக்கிக்கொண்டிருப்பதை மங்கையர்க்கரசி அப்போதுதான் கண்டாள். எழுந்து அந்தக் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. பாதி எழுந்தும் விட்டாள்.

அறவாழி பகுப்பானை நோக்கி வாய் திறப்பது தெரிந்தது. அவன் என்ன கேட்கப்போகிறான் என்பதும் தெரிந்தது. அவள் முந்திக்கொண்டாள்.

"அந்தப் பன்னிரண்டுல இவரு பங்கு எவ்வளவு?"

அந்தக் கேள்வியையும் சேர்த்துக்கொண்டு பகுப்பான் மறுபடி முதலிலிருந்து கணக்கிட வேண்டியிருந்தது.