மூச்சை விடலாம்

இரண்டு வாரமாக வீட்டில் குறட்டைச் சத்தம் இல்லை. முதல் நாள் அக்காவுக்கு அது நிம்மதியாகக்கூட இருந்தது. தங்கை குறட்டை விட ஆரம்பித்தால் பக்கத்து அறை ஜன்னல் கண்ணாடி அதிரும். பத்து வயதிலேயே அவளுக்கு ‘எஞ்சின்’ என்று பெயர் வைத்தது அக்காதான். அம்மா போன பிறகு அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டுதான் அக்காவும் தூங்கிப் பழகியிருந்தாள். இப்போது மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எஞ்சின் சோபாவில் சாய்ந்தால், ஃபிரிட்ஜின் உறுமலும், சமையலறைக் குழாய் சொட்டுவதும், மாடி வீட்டில் யாரோ நாற்காலியை இழுப்பதும்தான் காதில் விழுந்தன. அவளிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

உடம்பு தேறிவிட்டது, அதனால்தான் என்று அக்கா தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொள்ளக் காரணமும் இருந்தது. எஞ்சினுக்கு ஈரலில் புற்றுநோய், ஆறு மாதம் தாங்கினால் பெரிய விஷயம் என்று மற்ற மருத்துவர்கள் எல்லாரும் கையை விரித்திருந்தார்கள். அக்கா வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் மட்டும் புதுச் சிகிச்சை ஒன்று பரிசோதனையில் இருந்தது. இரும்புத் தாதுவைக் கண்ணுக்கே தெரியாத அளவுக்குப் பொடித்து, அதன் மேல் சர்க்கரைப் பூச்சு பூசி, ஊசியால் கட்டிக்குள் ஏற்றுவார்கள். வெளியிலிருந்து காந்தத்தை வைத்து அந்தத் துகள்களைச் சூடாக்கினால் கட்டி மட்டும் வெந்துபோகும். பன்னிரண்டு பேருக்குத்தான் இடம். பதின்மூன்றாவதாக எஞ்சினைச் சேர்க்கச் சொல்லி அக்கா பெரிய டாக்டரின் அறை வாசலில் தவம் கிடந்தாள். பதினைந்து வருடமாக அங்கே ஸ்கேன் எடுக்கிறவளுக்கு அந்த உரிமைகூட இல்லையா?

“வேலை முடிஞ்சதும் அந்தத் துகளை உடம்பே கரைச்சு ரத்தத்துல சேர்த்துக்கும்” என்றார் டாக்டர். “இரும்புதானேம்மா. ரத்தம் மூச்சைச் சுமக்கிறதே அதை வச்சுத்தான்.”

சொன்னபடியே கட்டி சுருங்கியது. எலுமிச்சை அளவில் இருந்தது பட்டாணி ஆகி, பிறகு ஒரு தழும்பு மட்டும் மிஞ்சியது. மூன்று மாடி ஏறினால் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு புஸ் புஸ்ஸென்று நிற்கிற எஞ்சின், இப்போது காய்கறிப் பையோடு விறுவிறுவென்று ஏறி வந்து கதவைத் தட்டினாள். வியர்வை இல்லை, இளைப்பு இல்லை. கீழ்வீட்டுக்காரி கண் பட்டுவிடும் என்றாள்.

அக்காவின் கண்ணில் பட்டது வேறு. டீ கொதிக்கக் கொதிக்க வேண்டும் எஞ்சினுக்கு. ஊதி ஊதிக் குடிப்பாள். இப்போது டம்ளரை முன்னால் வைத்துக்கொண்டு, ஆறும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஏன் ஊதவில்லை என்று கேட்டதற்கு, “தோணலைக்கா” என்றாள். கொட்டாவி விடவில்லை. அலுத்துக்கொள்ளும்போது ஒரு பெருமூச்சு வருமே, அதுவும் இல்லை. பேச்சுக்கூடக் குறைந்து, ஒரே மூச்சில் சொல்லி முடிக்கிற அளவுக்குச் சின்னச் சின்ன வாக்கியங்களாகிவிட்டது. நல்லா இருக்கிறவளை நல்லா இல்லை என்று யாரிடம் போய்ச் சொல்வது?

மூன்றாவது ஸ்கேனில் அது படமாகவே தெரிந்தது. இந்தக் காந்த ஸ்கேனில் இரும்பு கறுப்பாக விழும். ஈரலுக்குள் இருந்த கறுப்புப் புள்ளிகள் கரையவில்லை. மேலே ஏறியிருந்தன. நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே, நாம் மூச்சு இழுக்கும்போது இறங்கி ஏறுகிற மெல்லிய தசை ஒன்று இருக்கிறதே, அதன் ஓரத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. ஏற்றிய அளவைவிடக் கூடுதலாகவும் இருந்தன. அக்கா படத்தைத் தூக்கிக்கொண்டு டாக்டரிடம் ஓடினாள். அவர் எஞ்சினை உள்ளே கூப்பிட்டு, விரல் நுனியில் கிளிப்பை மாட்டி, ரத்தத்தில் எவ்வளவு பிராணவாயு இருக்கிறதென்று பார்த்தார். நூறு.

“நூத்துக்கு நூறு. ஸ்கூல்லகூட வாங்கியிருக்க மாட்டீங்க” என்று சிரித்தார். எஞ்சினும் சிரித்தாள், சத்தமில்லாமல். நான்காவது ஸ்கேனுக்குத் தேதி குறித்துக் கொடுத்தார்.

அந்தத் தேதியன்று காலை பதினோரு மணி. தரைக்குக் கீழே இருந்த ஸ்கேன் அறையில் வழக்கமான குளிரும், மருந்துத் துணி வாடையும், சுவரெல்லாம் அதிரும் யந்திரத்தின் டொக் டொக்கும். எஞ்சின் தோட்டையும் கொண்டை ஊசியையும் கழற்றி அக்காவின் உள்ளங்கையில் வைத்தாள். வயிற்றில் மூச்சை அளக்கும் பட்டையைக் கட்டி, ஏதாவது முடியவில்லை என்றால் அமுக்கச் சொல்லி ரப்பர் பந்தைக் கையில் கொடுத்து, அக்கா அவளைக் குழாய்க்குள் அனுப்பினாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து மைக்கைப் பிடித்தால் அக்காவையறியாமல் பேச்சில் மரியாதை வந்துவிடும். வீட்டில் வாடி போடி, இங்கே வந்தால் ‘ங்க’வா என்று எஞ்சின் எப்போதும் கேலி செய்வாள்.

“மூச்சை நல்லா இழுங்க. அப்படியே பிடிச்சுக்கோங்க.”

இருபது நொடி. டொக் டொக் நின்றது. படம் விழுந்தது.

அந்த மூச்சுத் தசை முழுக்கக் கறுப்பு. ஒரு விரற்கடை இடம்கூட வெள்ளையாக இல்லை. அங்கிருந்து விலா எலும்புகளுக்கு நடுவே மெல்லிய கறுப்புக் கோடுகள் ஏறியிருந்தன, இந்தப் பக்கம் ஆறு, அந்தப் பக்கம் ஆறு. அக்கா ஒவ்வொன்றாக எண்ணினாள். பெரிதாக்கிப் பார்த்தாள். பழைய படத்தைத் திறந்து பக்கத்தில் வைத்தாள். திரும்பவும் எண்ணினாள்.

அப்போதுதான் அறை எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று உறைத்தது.

விடலாம் என்று சொல்லவே இல்லை.

கடிகாரத்தைப் பார்த்தாள். நான்கு நிமிடம். திரையின் ஓரத்தில் மூச்சுக்கோடு. மேலே போகவில்லை. கீழே வரவில்லை. நேர்க்கோடு. பட்டை அவிழ்ந்திருக்கும். பட்டைதான் அவிழ்ந்திருக்கும்.

“விடலாம்” என்றாள் மைக்கில். “மூச்சை விடலாம்.”

நேர்க்கோடு.

ஓடினாள். கதவைத் தள்ளினாள். பலகையை வெளியே இழுத்தாள். பட்டை அவிழவில்லை. ரப்பர் பந்து கைக்குள் அமுக்கப்படாமல் இருந்தது. எஞ்சின் கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருந்தாள். முகத்தில் நல்ல ரத்தக்களை.

“நீ சொல்லவே இல்லையேக்கா” என்றாள்.

அதோடு, பிடித்து வைத்திருந்த காற்றில் பெரும்பங்கு போய்விட்டது. நெஞ்சு தணிந்தது. தணிந்தபடியே நின்றது.

“இழுடி. மூச்சை இழு.” மரியாதை எங்கே போயிற்றோ. அக்கா அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள். “இழு, கண்ணு. ஒரே ஒரு தடவை.”

எஞ்சின் புருவத்தைச் சுருக்கினாள். தெரிந்த ஒருவரின் பெயர் ஞாபகத்துக்கு வராமல் தடுமாறுகிற முகம். மிச்சமிருந்த கொஞ்சக் காற்றில், நூல் மாதிரி ஒரு குரல் வந்தது.

“எப்படிக்கா?”

பிறகு குரல் இல்லை. உதடு மட்டும் அசைந்தது. அக்கா அவள் மூக்கடியில் கையை வைத்தாள். ஒன்றுமில்லை. நெஞ்சில் காதை வைத்தாள். இதயம் நிதானமாக அடித்துக்கொண்டிருந்தது. உடம்பு கதகதவென்று இருந்தது. அழைப்பு மணியை அமுக்கினால் டாக்டர் வருவார். கிளிப்பை மாட்டுவார். நூறு என்பார். மூச்சின் வேலையை அந்த இரும்பு எடுத்துக்கொண்டுவிட்டது. கெஞ்சிக் கூத்தாடி இவளைச் சேர்த்தது நான்தானே என்று நினைத்தபோது அக்காவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் தன் மூச்சு தாளம் தப்பிவிடும், இவளுக்கு இழுத்துக் காட்ட முடியாது. அழவில்லை.

எதிரே நின்று, நன்றாகத் தெரியும்படி, வாயைத் திறந்து காற்றை இழுத்தாள். தோள் ஏறியது. விட்டாள். தோள் இறங்கியது. திரும்பவும் இழுத்தாள்.

எஞ்சின் எழுந்து உட்கார்ந்து உன்னிப்பாகப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். தோளை ஏற்றினாள். இறக்கினாள். காற்று உள்ளே போகவில்லை, வெளியே வரவில்லை. மறுபடியும் ஏற்றினாள், இறக்கினாள், அக்காவின் தோளையே பார்த்துக்கொண்டு, ஒரு தடவைகூடத் தாளம் தப்பாமல். நடுவில் ஒருமுறை சிரித்து, சரியாகச் செய்கிறேனா என்று உதட்டை அசைத்துக் கேட்டாள்.