கறுப்புக் கண்ணாடியும் கடைசிச் சுற்றும்

"நீங்க உள்ள போக முடியாது."

தியாகராய நகரில் சதுரங்கப் போட்டி நடந்த பள்ளிக்கூட வாசலில் குடையை மடக்கிக்கொண்டிருந்த விசாலாக்ஷி திகைத்து நிமிர்ந்தாள். வழியை மறித்து நின்றவன் நெடுநெடுவென்று உயரமாக இருந்தான். சட்டையில் 'நடுவர்' என்ற அட்டை.

"கடைசி ரவுண்டுக்கு வந்திருக்கேன். ரெண்டாவது போர்டு. இதுல டிரா பண்ணினாக்கூட ஸ்டேட் டீம்ல இடம்."

"தெரியும். கறுப்புக் கண்ணாடியைக் கொஞ்சம் கழட்டறேளா?"

கழற்றினாள். கண்கள் இரண்டும் செம்பருத்தியாகச் சிவந்திருந்தன. மூன்று நாளாக அவளைக் கண்டாலே வீட்டில் எல்லாரும் சுவரைப் பார்த்துப் பேசினார்கள். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி எழுந்தே போய்விட்டாள். இவன் மட்டும்... நேராகப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான்.

"என்ன, உங்களுக்குப் பயமில்லையா?"

"பார்த்தா ஒட்டாது. தொட்டாத்தான் ஒட்டும். அடையார்ல நான் இந்த வைரஸைத்தான் ஆராய்ச்சி பண்றேன்."

"ஊருக்குச் சென்னைன்னு பேர் வெச்சாச்சு. இந்த வியாதி மட்டும் இன்னும் மெட்ராஸ் ஐ. அதையும் மாத்தக் கூடாதா, டாக்டர்?"

அவன் சிரித்தான். சிரித்தால் முகமே வேறாகிவிடுகிறதே என்று விசாலி நினைத்தாள். உடனே அப்படி நினைத்ததற்காகத் தன் மீதே கோபம் வந்தது.

"நீங்க தொட்ட காயை உங்க எதிர்ல ஆடற பொண்ணு தொடுவா. அப்புறம் கண்ணைக் கசக்குவா. அதனால நீங்க வராந்தாவுல உட்காருங்கோ. தனி போர்டு தரேன். மூவை வாயால சொல்லுங்கோ, உள்ள நான் காயை நகர்த்தறேன். அவ ஆடினதை வந்து சொல்றேன்."

"வெளில உக்காத்தி வெச்சு ஆட வைக்கறேள். நன்னாயிருக்கு மரியாதை."

"மரியாதை குறையாது. நாற்காலிக்கு மெத்தை போடச் சொல்றேன்."

அவன் பெயர் ஸ்ரீவத்சன். வாரமெல்லாம் ஆய்வுக்கூடம். ஞாயிற்றுக்கிழமையானால் மயிலாப்பூரில் ஒரு கல்யாண மண்டபத்தைக் கெஞ்சி வாங்கி, இலவசமாகச் சதுரங்கம் ஆட இடம் தருவான். ஏன் இந்த இரட்டைப் பைத்தியம் என்று நடுவில் அவள் கேட்டபோது, "ஆறு நாள் கண்ணுக்கே தெரியாத எதிராளி. ஏழாவது நாளாவது எதிராளி எதிர்ல உட்காரட்டுமே" என்றான்.

மழை பிடித்துக்கொண்டது. அவன் உள்ளே போவான், வருவான். ஒவ்வொரு முறையும் தோளில் இன்னும் கொஞ்சம் சாரல். எதிராளி அஃப்ரா, ராயப்பேட்டைப் பெண், பதினேழு வயது, கெட்டிக்காரி. ஆட்டம் இறுகிற்று.

"குதிரை, ஈ ஃபைவ்" என்று காயையும் கட்டத்தையும் சொன்னாள் விசாலி.

அவன் நகரவில்லை.

"...நிச்சயமா?"

பலகையைப் பார்த்தாள். குதிரையை எடுத்தால் பிஷப் அநாதை. அடுத்த நகர்த்தலிலேயே போய்விடும்.

"இதை நீங்க கேட்டிருக்கக் கூடாது."

அவன் முகம் வெளுத்தது. "ஆமாம். தெரியாம வாயில வந்துடுத்து. நான் இன்னும் உள்ள போய்க் காயைத் தொடலை, நீங்க வேணும்னா..."

"நீங்க கேட்டு நான் மாத்தினா அது என் மூவ் இல்லை. குதிரை, ஈ ஃபைவ். போய் ஆடுங்கோ."

நல்ல குடும்பத்தில் வளர்ந்த பெண் அப்படித்தான் சொல்வாள். பிஷப் போயிற்று. ஆனால் அவள் விடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ராணியால் திரும்பத் திரும்ப செக் கொடுத்து, கடைசியில் டிரா செய்துவிட்டாள். அணியில் இடம் கிடைத்துவிட்டது.

பரிசு வழங்கும்போது ஸ்ரீவத்சன் மைக்கைப் பிடித்தான். வராந்தாவில் தான் கேட்ட கேள்வியைச் சொன்னான். அவள் மாற்ற மறுத்ததையும் சொன்னான். தவறு தன்னுடையது, இனி நடுவராக உட்காரப் போவதில்லை என்றான்.

விசாலியை அழைத்துப்போக வந்திருந்த அவள் அப்பா சந்திரமௌலி எழுந்து நின்றார். உயர் நீதிமன்ற அலுவலகத்தில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். முதுகு வளைந்து அவரை யாரும் பார்த்ததில்லை.

"நாலு பேர் எதிர்ல என் பொண்ணு பேரை இழுத்துட்டீர். அவ மாத்தலைன்னு உமக்குத் தெரியும், எனக்குத் தெரியும். ஊருக்கு? சந்தேகத்தோட வர்ற இடம் எங்காத்துக்கு வேண்டாம்."

அப்பா சொன்னால் சொன்னதுதான். அணியில் இடமும் போயிற்று... இந்த மனிதனும் போனான்.

அப்போது அஃப்ரா முன்னால் வந்தாள். "அங்கிள், நீங்க வேணாம்னு விட்டுட்டா எனக்குச் சும்மா கெடைக்கும். அது எனக்கு வேணாம். அடுத்த ஞாயித்துக்கிழமை அக்காவும் நானும் மறுபடி ஆடறோம். அக்காவுக்குக் கண்ணும் சரியாயிடும். யாரு ஜெயிக்கிறாங்களோ அவங்க போகட்டும்."

சந்திரமௌலி அந்தப் பெண்ணை மேலும் கீழும் பார்த்தார். "உங்க வீட்டுல நன்னா வளர்த்திருக்கா" என்று சொல்லி உட்கார்ந்தார்.

மறு ஞாயிறு, வேறொரு நடுவர். ஸ்ரீவத்சன் அரங்கத்துக்குள் வரவேயில்லை. விசாலி ஜெயித்தாள். அஃப்ரா அவள் கையைக் குலுக்கி, "டீம்ல போய்ச் சொதப்பிட்டு வந்தீங்கன்னா பாருங்க, அக்கா" என்றாள்.

மறுநாள் மாலை, சித்திரக்குளத்துக்குப் பக்கத்தில் விசாலி வீட்டு வாசலில் ஸ்ரீவத்சன் மழையில் நனைந்து நின்றான்.

"வாரும். எதுக்கு வந்தீர்னு தெரியும்" என்று சந்திரமௌலி ஆரம்பித்தார். "பெரியவா துணையில்லாம தனியா வந்து பொண்ணு கேக்கறது எங்க வழக்கமில்லை."

"நான்... மன்னிப்புக் கேக்கத்தான் வந்தேன், மாமா."

மகள் போக்கைப் பார்த்தே ஊகித்த சந்திரமௌலி, தக்கபடி மறுத்துப் பேச, காலையிலிருந்தே மனசுக்குள் வாக்கியங்களை அடுக்கி வைத்திருந்தார் பாவம்.

"மன்னிப்பா? அவ்வளவுதானா?"

"ஆமாம் மாமா."

"ஏன், என் பொண்ணுக்கு என்ன குறைச்சல்?"

சமையலறையில் அம்மா புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். விசாலி கூடத்துக்கு வந்தாள். குரல் நடுங்கவில்லை.

"அப்பா, அவர் கேக்கலைன்னா நான் சொல்றேன். எனக்கு இவரைப் பிடிச்சிருக்கு. மைக்ல தன் தப்பைத் தானே சொன்னாரே, அப்பவே."

சந்திரமௌலி மகளை வெகுநேரம் பார்த்தார். அவள் தலை குனியவில்லை. அது தன் முதுகுதான் என்று அவருக்குத் தெரிந்தது.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் அப்பா அம்மாவை அழைச்சுண்டு வாரும்" என்றார். "முறையா வரணும்." எழுந்து உள்ளே போனார்.

வாசல் வரை அவள் வந்தாள். தூறல் நின்றபாடில்லை.

"நிஜமாவே மன்னிப்புக் கேக்கத்தான் வந்தேளா?"

"பாதி அதுக்கு."

"மீதி?"

"மீதியைச் சொல்லத் தைரியம் வரலை. எனக்கும் உன்னை ரொம்பப் பிடிச்சிருக்கு, விசாலி. நீ உள்ளேர்ந்து வந்து சொன்னியே... அப்பத்தான் தைரியம் வந்தது."

நீ என்கிறான். விசாலிக்கு அவனைத் திருத்தத் தோன்றவில்லை.